முன்னீடும் முதலாசனமும்

விழா எடுக்கப் புகும் எந்தச் சங்கத்தின் செயலாளருக்கும் இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வி ஒன்றுண்டு. மண்டபம் கிடைக்குமா, கைப்பணம் போதுமா என்பனவல்ல அக்கேள்வி. அவை எப்படியோ தீர்ந்துவிடும். “முதல் மாலை யாருக்கு? முதல் திரியை யார் ஏற்றுவது?” என்பதே அது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், படுவான்கரைக் கிராமம் ஒன்றில் நடந்த சங்க விழாவில் நேரிற் கண்டதொன்றை இங்கே கூறலாம். பந்தல் வாயிலில், நிறைகுடத்தின் முன், இருவர் ஒரே வேளையில் வந்து நின்றனர். ஒருவர் ஊர்க் கோயிலின் முதிய வண்ணக்கர். மற்றவர் பிரதேச சபையின் தவிசாளர். நாற்பது வயதும் நிரம்பாதவர். வரவேற்க நின்ற பையன் கையில் இருந்ததோ ஒரே மாலை. பையன் திகைத்தான்; பின்னால் நின்றோர் முணுமுணுக்கத் தொடங்கினர். தவிசாளர் அம்மாலையைத் தாமே வாங்கி வண்ணக்கரின் கழுத்தில் இட்டார். வண்ணக்கர் அவருடைய கையைப் பற்றிக் குத்துவிளக்கின் அருகே அழைத்துச் சென்று, “இது கோயில் இல்ல, மகன்; சபை. விளக்க நீங்கதான் ஏத்த வேணும்” என்றார்.

இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தனர் என்று சபையோர் மகிழ்ந்தனர். ஆனால் அவர்கள் செய்தது அதனினும் மேலானது. எந்த இடத்தில் யாருக்கு எந்த மரியாதை உரியது என்பதை அவ்விருவரும் அறிந்திருந்தனர். அந்த அறிவு நம்மிடம் எவ்வாறு வந்தது, எதற்காக அதைக் காத்தல் வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசனத்தின் பெயர்

நம் மூத்தோர் கூட்டத் தலைவரை அக்கிராசனர் என்று அழைத்தனர். அக்கிரம் என்பது முன்; ஆசனம் என்பது இருக்கை. முதலிருக்கையில் அமர்பவர் என்பதே அதன் பொருள். இன்று இலங்கையில் நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் சட்டம் வழங்கும் பெயர் தவிசாளர் என்பது. தவிசு என்பதும் இருக்கையே. கிராமச் சங்கக் காலத்து முதியவர்களின் வாயில் இன்றும் நிலைத்திருக்கும் ‘சேர்மன்’ என்ற சொல்லிலும் நாற்காலியே ஒளிந்திருக்கின்றது. மாநகர சபைக்கு மட்டுமே ‘முதல்வர்’ என்ற தனிப்பெயர் வழங்குகின்றது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அரசன், அதிபன், போடியார் என்னும் பெயர்கள் ஆளைச் சுட்டுவன. அக்கிராசனர், தவிசாளர் என்னும் பெயர்கள் ஆள் அமரும் இடத்தைச் சுட்டுவன. ஆள் எழுந்து போவார்; இருக்கை இருக்கும். ஆகவே தவிசாளருக்கு நாம் செய்யும் மரியாதை, அவ்விருக்கைக்கு உரியவர்களாகிய ஊர் மக்கள் தமக்குத் தாமே செய்துகொள்ளும் மரியாதையாகும். இந்த ஒன்றை மனத்திற் கொண்டால் மற்றை முறைகள் யாவும் எளிதில் விளங்கும்.

முன்னீடு என்னும் பழைய முறை

மரியாதை வரிசை மட்டக்களப்பாருக்குப் புதிதன்று. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர், மண்டூர் முருகன், திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆகிய பெருந்தலங்களைத் தேசத்துக் கோயில்கள் என்று போற்றுவது நம் வழக்கு. ஓர் ஊருக்கு மட்டும் உரியனவல்லாது, பல ஊராரும் பல குடியாரும் உரிமையும் கடமையும் பகிர்ந்துகொள்ளும் கோயில்கள் அவை. அங்கே திருவிழாவில் இன்ன குடியாருக்கு இன்ன இடம், இன்னாருக்குப் பின் இன்னார் என்று வகுக்கப்பட்ட மரியாதையே முன்னீடு எனப்படும். காளாஞ்சி பெறும் வரிசையும் அதனைச் சார்ந்ததே. பண்டைய ஏட்டுச் செய்திகளைத் தொகுத்து எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962ஆம் ஆண்டில் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ என்னும் நூலும், பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலும் நம் நாட்டுப் பழைய வழக்கங்களை அறிய விரும்புவார்க்குத் துணையாவன.

கோயில் நிருவாகத்தில் முதன்மை பெறுபவர் வண்ணக்கர். வண்ணக்கன் என்பது பொற்காசின் தரத்தை உரைத்துப் பார்ப்பவனைக் குறித்த பழந்தமிழ்ச் சொல். காசின் மாற்றை அறிபவனிடம் கோயிற் பொருளை ஒப்படைத்த நம் முன்னோரின் கருத்து எண்ணி மகிழ்தற்குரியது. தேர்வடத்தைத் தொடுமுன் வண்ணக்கரின் சொல்லுக்காகக் காத்து நிற்பது ஊருக்கு இழிவன்று, ஒழுங்கு.

இம்முறையில் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. முன்னீடு பெறும் குடியார் திருவிழாச் செலவையும் உழைப்பையும் தாங்கக் கடமைப்பட்டிருந்தனர். உரிமை மட்டும் பெற்றுக் கடமையை விட்டவரை ஊர் மதித்ததில்லை. இது நன்மை. ஆனால் அவ்வரிசை பிறப்பால் அமைந்தது. முன்னிற்பவர் என்றும் முன்னும், பின்னிற்பவர் என்றும் பின்னும் நின்றனர். சிலருக்கு வரிசையின் கடைசியிலும் இடமில்லை. மதிலுக்கு வெளியேதான் நின்றனர். பிறப்பைக் காரணங்காட்டிப் பொது இடங்களிலும் வழிபாட்டிடங்களிலும் ஒருவரைத் தடுத்தல் குற்றம் என 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் விதிக்க வேண்டியிருந்தது என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

வயலிலே தெரிந்தெடுத்த தலைவன்

அப்படியாயின், பிறப்பை நோக்காது தலைவனைத் தெரிந்துகொள்ளும் வழக்கம் நமக்கு வெள்ளையர் கொடுத்ததுதானா? அன்று. தமிழ்நாட்டில் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களைக் காண்க. முதற் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. ஊரை 30 குடும்புகளாக வகுத்து, ஓலையிற் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து வாரியத்தாரைத் தெரிந்தனர். வயது 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும்; முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் தகுதியற்றவர். அச்சபை பிராமணர் ஊர்ச்சபை. நிலமும் கல்வியும் உடையார்க்கே அங்கு இடமிருந்தது. ஆயினும் பதவி காலவரையறை உடையது, கணக்குக் காட்டாதவன் மீண்டும் ஆசனம் ஏறலாகாது என்ற இரு விதிகளும் ஆயிரமாண்டு கடந்தும் பழுதற்றன.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் வட்டைகளிலேயே ஒரு சான்றுண்டு. வேளாண்மை தொடங்குமுன் கமக்காரர் கூடி வட்டவிதானையைத் தெரிந்துகொள்வர். விதைக்கும் நாளையும், வேலி அடைக்கும் நாளையும், மாடுகளை அப்புறப்படுத்தும் நாளையும் கூட்டம் முடிவு செய்யும். அதை நிறைவேற்றுபவர் வட்டவிதானை. அவருடைய ஊதியம் நெல்லாக அளக்கப்படுவதே பழைய வழக்கு. தண்ணீரை முறைதவறித் திருப்பிய விதானைக்கு மறுபோகத்தில் அவ்விடம் கிடைப்பதில்லை. 1856ஆம் ஆண்டில், தேசாதிபதி சேர் ஹென்றி வார்டின் காலத்தில் இயற்றப்பட்ட நீர்ப்பாசனச் சட்டம், வயற்காரரின் பழைய வழக்கங்களைக் கமக்காரர் கூட்டங்களின் வாயிலாக மீட்டெடுக்க வழி செய்தது. நெல் விளையும் நாட்டில் சனநாயகம் முதலில் வரம்பின்மேல்தான் நடந்தது என்று கூறினால் அது மிகையாகாது.

கச்சேரியிலிருந்து சபைக்கு

1871ஆம் ஆண்டின் சட்டம் கிராமச் சங்கங்களுக்கு உயிர் கொடுத்தது. 1876ஆம் ஆண்டின் சட்டம் நகரங்களில் உள்ளூர்ச் சபைகளை அமைத்தது. ‘லோக்கல் போட்’ என்பது அக்காலத்தார் வழக்கு. இவற்றில் ஊரார் சிலர் உறுப்பினராயினும் முதலாசனம் ஊராருடையதன்று. நகரச் சபையில் அரசாங்க ஏசண்டரே பதவி வழியாக அக்கிராசனர். கிராமத்திலும் அரசினர் நியமித்த தலைமைக்காரரின் கையே ஓங்கியிருந்தது. நம் பகுதிப் பற்றுக்களில் அவருக்கு வன்னியனார் என்று பெயர். அவர் முன்னே நின்று பேசுவதே வழக்கம். அமர்ந்து பேசுவது அரிது.

1920ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்துக்குப் பின்னரே நிலைமை படிப்படியாக மாறியது. 1931ஆம் ஆண்டில் 21 வயது நிரம்பிய ஆண், பெண் யாவருக்கும் சட்டசபைத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது. 1939ஆம் ஆண்டில் நகர சபைகளுக்கும், 1946ஆம் ஆண்டில் பட்டின சபைகளுக்கும், 1947ஆம் ஆண்டில் மாநகர சபைகளுக்கும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. தலைமைக்காரர் முறையும் ஒழிந்து காரியாதிகாரிகள் வந்தனர்.

அக்காலத்தில் வேறிடங்களிலும் பெரியோர் பலர் இவ்வாசனத்தை நாடினர். சேலம் நகர சபைக்கு 1917ஆம் ஆண்டில் இராசகோபாலாச்சாரியாரும், ஏறக்குறைய அதே காலத்தில் ஈரோட்டில் ஈ. வே. இராமசாமி நாயக்கரும் தலைவராயினர். 1923ஆம் ஆண்டில் அலகாபாத்தில் நேருவும், 1924ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் பட்டேலும் நகராண்மைத் தலைவராயிருந்தனர். நாட்டை ஆள்வதற்குமுன் அவர்கள் குடிதண்ணீரையும் குப்பையையும் ஆண்டு பழகினர். கொழும்பு மாநகரில் 1937ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தெரிவுசெய்யப்பட்ட முதல்வர் என்னும் பெருமையைப் பெற்றவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து என்னும் தமிழர் ஆவார்.

மட்டக்களப்பு நகர் 1967ஆம் ஆண்டில் மாநகர சபையாயிற்று. செ. இராசதுரை அவர்கள் அதன் முதல் முதல்வர். 1981ஆம் ஆண்டில் கிராம சபைகளும் பட்டின சபைகளும் ஒழிந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் தோன்றின. பின்னர் வந்த போர்க்காலத்தில் நம் சபைகளின் தவிசுகள் நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தன. 2008 மார்ச்சு 10ஆம் நாள் மட்டக்களப்பு மாநகர சபை உட்பட 9 மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தபோது, சிவகீதா பிரபாகரன் என்னும் பெண்மணி மாநகர முதல்வரானார். தாய்வழிக் குடி எண்ணும் நாட்டில் பெண்ணொருத்தி முதலாசனம் ஏற இத்துணைக் காலம் சென்றது வியப்பே. 2018ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து, உறுப்பினருள் 25 வீதத்தினர் பெண்களாதல் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துள்ளது. அச்சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. மறுதேர்தல் நடந்ததோ 2025 மே 6ஆம் நாளில். அதுவரை ஈராண்டுக்கு மேலாக ஆணையாளரும் செயலாளருமே அலுவல்களை நடத்தினர். வீதிவிளக்கு எரிந்தது; குப்பை வண்டியும் ஓடியது. ஆனால் ஏன் எரியவில்லை, ஏன் ஓடவில்லை என்று நம் சார்பில் எழுந்து கேட்க ஒருவரும் இருக்கவில்லை. ஆசனத்தின் அருமை அது வெறுமையாய் இருக்கும்போதே தெரிகின்றது.

சபையினுள்ளே

சபைக்குள் தவிசாளருக்குரிய முறைகள் சிலவே. ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. உறுப்பினர் எவரும் எதிராளியை நேரே நோக்கிப் பேசாது “தவிசாளர் அவர்களே” என்றே விளித்துப் பேசுவர். கோபத்தோடு எழுந்த சொல், நடுவர் ஒருவரைச் சுற்றிக்கொண்டு போகும்போது பாதி ஆறிவிடும். தவிசாளர் எழுந்து நின்றால் மற்றவர் அமர்தல் வேண்டும். இது பணிவுக்காக மட்டுமன்று. இருவர் ஒரே வேளையில் பேசினால் ஊரின் காரியம் ஒருவர் காதிலும் விழாது.

வாக்குகள் சமமாய்ப் பிரிந்தால் அறுதியிடும் வாக்கு தவிசாளருடையது. 1867ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துச் சபாநாயகர் டெனிசன் இதற்கொரு மரபு வகுத்தார்: மேலும் ஆராய இடமிருக்குமாறே அவ்வாக்கை அளித்தல் வேண்டும், பெரும்பான்மை இல்லாத மாற்றத்தைத் தன் ஒரு கையால் உண்டாக்கலாகாது. நம் சபைகளை அது கட்டுப்படுத்தாது. ஆயினும் அதன் உட்கருத்து எண்ணத்தக்கது. தவிசாளர் கட்சியால் வந்தவர்தான்; தவிசில் அமர்ந்தபின் எதிர்த்து வாக்களித்தவரின் ஊர் வீதியும் அவருடைய வீதியே. திருக்குறளில் அவையறிதல் என்ற அதிகாரத்தையும் அவையஞ்சாமை என்ற அதிகாரத்தையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்திருப்பது சபையில் அமர்வார் ஒவ்வொருவரும் கருதத்தக்கது. அறியாமல் அஞ்சாதிருப்பது துணிவாகாது.

முதல்வர் அணியும் அங்கியும் சங்கிலியும் சபையின் சொத்து. பதவி முடிந்த நாளில் அவை அலுமாரிக்குத் திரும்பும். கழற்றிக் கொடுக்க வேண்டிய அணி என்பதனாலேயே அது அழகு பெறுகின்றது.

சபைக்கு வெளியே

சங்க விழாக்களுக்கும் பள்ளிக்கூட விழாக்களுக்கும் தவிசாளரை அழைக்கும்போது, நேரிற் சென்று, வட்டாவில் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது நம் ஊர்ப் பண்பு. கடிதம் அதற்குத் துணை, ஈடன்று. அழைத்த நேரத்துக்கு வருதல் அவர் கடன்; வந்தவரைக் காக்க வைக்காமை நம் கடன். சபையின் சார்பில் வந்தவருக்கு முதல் திரி உரியது. அவர் ஆசான்களையும் முதியோரையும் அடுத்த திரிகளுக்குத் தாமே அழைத்தால் அது அவருக்கு அழகு. பாராட்டுரை நீண்டால் கேட்பவர் அவர் செய்ததை மறந்து நாற்காலியின் கடினத்தையே நினைப்பர்.

கோயிலில் முறை வேறு. அங்கே தவிசாளரும் அடியாருள் ஒருவரே. முன்னீட்டையோ காளாஞ்சி வரிசையையோ பதவியைக் காட்டிக் கேட்டல் ஆகாது. கொடுத்து முகமன் தேடுதலும் ஆகாது. இறைவன் திருமுன் உள்ளூராட்சித் தேர்தல் செல்லாது. மரண வீட்டிலும் முதலாசனம் இல்லை. மாலையும் பரிவாரமும் இன்றி வந்து, பாயில் அமர்ந்து, துயரத்திற் பங்கு கொண்டு போவதே அங்கு முறை.

நம் வாவிக்கரையில் தமிழூரும் முஸ்லிமூரும் மாறிமாறி அமைந்துள்ளன. கிறித்தவரும் நம்மோடு வாழ்கின்றனர். பிற சமயத்தவரான தவிசாளர் நம் விழாவுக்கு வரும்போது மாலையும் சந்தனமும் மரியாதையாக நீட்டப்படலாம். திருநீறு அணியுமாறு வற்புறுத்தல் தகாது. விளக்கேற்ற அவர் மனம் ஒவ்வாவிடின் அருகே நின்றாலே போதும். நம் தவிசாளர் பள்ளிவாசல் முற்றத்துக்கும் மாதாகோயில் முற்றத்துக்கும் செல்லும்போது எதை எதிர்பார்ப்போமோ அதையே நாமும் செய்வோம்.

நினைவுக்கற்கள் பற்றியும் ஒரு சொல். 1924ஆம் ஆண்டில் கல்லடியில் எழுந்த பாலத்துக்குத் தேசாதிபதி மனிங் துரையின் மனைவியாரின் பெயர் சூட்டப்பட்டது. ஊரார் வாயில் அது என்றும் கல்லடிப் பாலமே. 2013ஆம் ஆண்டில் அதன் அருகே புதுப்பாலம் திறந்த பின்னும் அப்பெயரே நிலைத்தது. பெரிய கல்லிற் பெயர் பொறிப்பதால் மட்டும் பெயர் நிலைப்பதில்லை. 1933, 1934ஆம் ஆண்டுகளில் அரிசனத் தொண்டுக்காக ஊர் ஊராகச் சென்ற காந்தியடிகள், தமக்கு அளிக்கப்பட்ட பரிசுப் பொருள்களை மேடையிலேயே ஏலமிட்டு நிதிக்குச் சேர்த்தார். தமக்குக் கிடைத்த மரியாதையை ஏழைகளின் பெட்டியில் இட்டார். பொன்னாடைகள் மலிந்துவிட்ட இக்காலத்துக்கு அது நல்ல பாடம்.

இளைஞர்க்கு

முன்னீடு பிறப்பால் வருவது. முதலாசனம் வாக்கால் வருவது. முன்னது நம் பழமையின் நினைவு. அதன் இடம் கோயில். பின்னது யாவரும் சமமாக அமரும் மேசையின் தலைப்பக்கம். வரிசையிற் கடைசியில் நிறுத்தப்பட்ட குடியிற் பிறந்தவரும், வீட்டைவிட்டு வெளிவராத பெண்ணின் பேர்த்தியும் அமரத்தக்க ஓரிடம் நம் நாட்டில் உண்டாயிற்றென்றால் அது இத்தவிசே. அதைப் பெறுவதற்கு எத்தனை சட்டங்களும் எத்தனை ஆண்டுகளும் சென்றன என்பதை மேலே கண்டோம்.

ஆகவே இரண்டு பிழைகளை நாம் தவிர்த்தல் வேண்டும். தவிசாளரைப் புதியதொரு போடியாராக்கி, அவர் நிழலில் ஒதுங்கி நிற்பது ஒரு பிழை. கட்சி பிடிக்கவில்லை, குடி பிடிக்கவில்லை என்று அவர் அமர்ந்த ஆசனத்தையே இகழ்வது மற்றொரு பிழை. முன்னது முதலாசனத்தை மீண்டும் முன்னீடாக்கும். பின்னது ஊரின் வாயை அடைக்கும்.

நம் மன்றத்துப் பொதுக்கூட்டமே இதற்குரிய பயிற்சிக்களம். இங்கு ஆண்டுக்கொருமுறை தலைவரைத் தெரிகின்றோம். அவர் கணக்குக் காட்டுகின்றார். எழுந்து அடுத்தவருக்கு இடம் கொடுக்கின்றார். இச்சிறு நாற்காலியிற் செம்மையாக அமரவும் செம்மையாக எழவும் பழகியவர் நாளை ஊரின் தவிசில் ஏறும்போது, பந்தல் வாயிலில் ஒரே மாலையோடு திகைத்து நிற்கும் பையனுக்கு வழி காட்டுவார்.